வேப் கொயிலைக் கழுவி மறுபடி பாவிக்கிற முறை

வேப்பில் (மின்சிகரெட்டில்) லிக்குவிட்டைச் சூடாக்கி ஆவியாக்குகிற கம்பிச் சுருளும் அதோடு உள்ள பஞ்சும்தான் கொயில். அது ஒன்று “போயிட்டுது” என்று எறியும்போது, பெரும்பாலும் போயிருப்பது பஞ்சுதான். உள்ளே கிடக்கிற கம்பி இன்னும் நல்லபடியாகவே இருக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கொயிலைக் கழுவலாம், எதைக் கழுவி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது விளங்கிவிடும். கம்பியில் படிந்த கறுப்பை எடுக்கலாம். கருகிய பஞ்சை எந்தத் தண்ணியும் வெள்ளையாக்காது.

யாழ்ப்பாணத்தில் கழுவிப் பாவிக்கிறதுக்குக் காரணம் காசு மட்டுமில்லை. உங்கடை மொடலுக்கு வாற கொயில் நினைத்த நேரத்தில் கையில் கிடைக்காது. ஆனால் இங்கே இன்னொரு சிக்கல் இருக்கு: எங்கடை கிணற்றுத் தண்ணி. வெளிநாட்டு வீடியோக்களில் “குழாய்த் தண்ணியில் அலசுங்கள்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே அதை அப்படியே செய்தால் ஒரு அழுக்கை எடுத்து இன்னொன்றைப் பூசினமாதிரித்தான்.

முதலில் எந்த வகை என்று பாருங்கோ

கொயில் இரண்டு வகை. ஒன்று, பக்ரறியிலேயே பஞ்சு அடைத்து உலோகக் கூட்டுக்குள் மூடி வாறது. பொட் (லிக்குவிட் நிற்கிற சின்னப் பிளாஸ்ரிக் கூடு), ராங்க் (திருகிப் பூட்டுகிற லிக்குவிட் தொட்டி) இரண்டிலும் இதுதான் கூடுதல். சில பொட்களில் கொயிலைத் தனியாகக் கழற்றவே ஏலாது, பொட்டோடு ஒட்டிக் கிடக்கும். மற்றது, நீங்களே கம்பி சுற்றிப் பஞ்சு போடுகிற வகை. முதல் வகையைக் கழுவினால் கூடுதலாக ஒரு கிழமையோ கொஞ்சம் மேலேயோ ஓடும், அவ்வளவுதான். அதை ஒருமுறை கழுவலாம், இரண்டாம் முறை சந்தேகம், மூன்றாம் முறை வேண்டாம். இரண்டாவது வகையில் பஞ்சை மாற்றி மாற்றி ஒரே கம்பியை மாதக்கணக்கில் பாவிக்கலாம். கழுவுகிற வேலைக்கு உண்மையான பலன் அங்கேதான் இருக்கு.

ஒருமுறை பாவித்து எறிகிற டிஸ்போசபிள் வேப்பை உடைத்துக் கொயிலை எடுக்கிற எண்ணம் வேண்டாம். உள்ளே லித்தியம் பற்றரி ஒட்டியே இருக்கும். கத்தி பட்டால் தீ.

கழுவ முன்னம் கொயிலின் வாயில் உள்ள பஞ்சு ஓட்டைகளை ரோச் வெளிச்சத்தில் பாருங்கோ. பஞ்சு தேத்தண்ணி நிறம், மண்ணிறம் என்றால் கழுவலாம். கம்பியைத் தொடுகிற இடத்தில் கரிக்கறுப்பு, மணந்து பார்க்க எரிந்த துணி மணம் என்றால் அது முடிந்த கதை. கழுவினாலும் முதல் இழுவையிலேயே அதே எரிவு தொண்டையில் பிடிக்கும்.

கறுப்பு எங்கிருந்து வருகுது

பெரிய குற்றவாளி இனிப்பு. லிக்குவிட்டில் சேர்க்கிற சுக்றலோஸ் ஆவியாகப் போகாது. சூட்டில் உடைந்து கம்பியிலேயே கரியாகப் பிடிக்கும். கஸ்ரட், கோப்பி, கேக், புகையிலை மணம் உள்ளவை கெதியாய்க் கறுக்கும். இனிப்புச் சேர்க்காத மிந்த், பழ வகைகள் பலநாள் தாங்கும். ஒரே கொயில் ஒருவருக்கு நாலு நாள், இன்னொருவருக்கு மூன்று கிழமை ஓடுவதுக்கு முக்கியக் காரணம் லிக்குவிட் வித்தியாசம்தான்.

இரண்டாவது காரணம் வறண்ட இழுவை. லிக்குவிட்டில் உள்ள புறொப்பிலீன் கிளைக்கோல் 188 பாகை செல்சியசிலும் வெஜிற்றபிள் கிளிசறின் 290 பாகை செல்சியசிலும் கொதிக்கும். பஞ்சு நனைந்திருக்கும் வரைக்கும் அந்த ஆவியே சூட்டைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். நனைவு குறைந்தால் கம்பி ஒரு கணத்தில் எகிறும், பஞ்சு கருகும். கிளிசறின் கூடிய தடித்த லிக்குவிட்டைச் சின்ன பொட்டில் ஊற்றி, விடாமல் இழுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

மூடிய கொயிலைக் கழுவுகிற விதம்

ஒன்றுக்காக அடுக்குப் பண்ணாமல், மூன்று நாலு பழைய கொயில் சேர்ந்த பிறகு ஒரேயடியாகக் கழுவுங்கோ. ஒன்று காயும்போது மற்றதைப் பாவிக்கலாம். குசினியில் பாவிக்கிற கப், கரண்டி எதையும் எடுக்க வேண்டாம்; பழைய ஜாம் போத்தல் ஒன்றை இதுக்கென்றே ஒதுக்குங்கோ. நிக்கொற்றின் தோலாலும் உள்ளே போகும், ஆகவே கையுறை போட்டால் நல்லது.

கொயிலைக் கழற்றி, ரிசுப் பேப்பரை ஒரு முனையில் பிடித்து, மற்ற முனையால் ஊதுங்கோ. உதட்டை நேரே வைக்காமல் துடைத்துவிட்டு ஊதுங்கோ, அல்லது ஊசியில்லாத சிறிஞ்சால் காற்று அடியுங்கோ. உள்ளே நிற்கிற லிக்குவிட் பெரும்பங்கு இதிலேயே வந்துவிடும். பிறகு கொதித்த தண்ணியை இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, கொயில் மூழ்க ஊற்றுங்கோ. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் றப்பர் வளையம் தளரும், பொட் பிளாஸ்ரிக் நெளியும். கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தண்ணியை மாற்றி, போத்தலை மூடிக் குலுக்குங்கோ. முதல் தண்ணி கடும் மண்ணிறமாக வரும். மூன்றாவது நாலாவது தண்ணி வெளிறி வந்தால் போதும்.

இதுவரை தண்ணியில் கரைகிறது போயிருக்கும். பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறதுக்கு அல்ககோல் வேணும், அதை எங்கே எடுக்கிறது என்பதில்தான் பலர் பிழை விடுகினம். பார்மசியில் கேட்டதும் தருகிற சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் ஆமணக்கெண்ணெய், மெதைல் சலிசிலேற் மாதிரியான சாமான்கள் கலந்திருக்கும். அது ஆவியான பிறகும் எண்ணெய்ப் பசை பஞ்சில் நிற்கும். அதை எரித்து நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. கைக்குப் பூசுகிற சனிற்றைசரில் கிளிசறினும் வாசனையும் இருக்கு, அதுவும் சரிவராது. சாராயம் நிறமும் மணமும் கலந்தது. மண்ணெண்ணெய், தின்னர், பெற்றோல் பக்கமே போக வேண்டாம். சரியானது ஐசோபுறொப்பைல் அல்ககோல். கைபேசி திருத்துகிற கடைக்காரர் போர்ட் கழுவ வைத்திருப்பது அதுதான். எங்கே வாங்குகிறார்கள் என்று அவர்களிடம் கேட்டால் சொல்லுவினம். லேபிளில் 99 வீதம் என்று இருக்கிறதைப் பாருங்கோ. அது கிடைக்காவிட்டால் நிறமில்லாத, மணம் சேர்க்காத வொட்கா ஓரளவுக்கு உதவும். 40 வீதம்தான் என்பதால் இரவு முழுக்க ஊறவிட வேணும்.

ஐசோபுறொப்பைல் என்றால் ஒரு மணித்தியாலம் ஊறினால் காணும். உலோகக் கூட்டுக் கொயிலுக்கு மட்டும் இது. பொட்டோடு ஒட்டின கொயிலை அல்ககோலில் போட வேண்டாம், சில பிளாஸ்ரிக்கில் மயிரிழை வெடிப்பு விழுந்து பிறகு ஒழுகும்; அதுக்குச் சுடுதண்ணியோடு நிறுத்துங்கோ. நெருப்பு, விளக்கு, பத்தின சிகரெட் ஒன்றும் கிட்ட இருக்கக் கூடாது.

நகை கழுவுகிற சின்ன அல்ட்றாசொனிக் மெசின் இருந்தால் வேலை சுகம். தண்ணி விட்டு மூன்று நிமிடப்படி மூன்று தரம் ஓட்டலாம், ஒவ்வொரு தரமும் தண்ணி மாற்றுங்கோ. அந்தத் தொட்டிக்குள் அல்ககோலை ஊற்றி ஓட்ட வேண்டாம். சூடாகி ஆவி எழும்பினால் தீப்பிடிக்கும். சட்டி கழுவுகிற சவர்க்காரமும் வேண்டாம். பஞ்சுக்குள் போன சவர்க்காரத்தை வெளியே எடுக்க ஏலாது.

கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணி வேண்டாம்

குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கு. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளை எல்லாருக்கும் தெரியும், அது அந்தக் கல்லில் இருந்து கரைந்து வந்ததுதான். கொயிலைக் கிணற்றுத் தண்ணியில் அலசிக் காயவிட்டால் தண்ணி போகும், சுண்ணாம்பு நிற்கும். பஞ்சு நாரிலும் கம்பியிலும் வெள்ளைப் பொருக்காக ஒட்டும். பஞ்சு விறைத்து லிக்குவிட்டை உறிஞ்ச மறுக்கும், சுவையில் சோக் தூள் மாதிரி ஒன்று வரும். கரையோரப் பக்கம் உவர்த் தண்ணி என்றால் இன்னும் கூடாது, உப்பு உலோக முனைகளை அரிக்கும்.

முதல் ஊறல்களுக்குக் கிணற்றுத் தண்ணி பரவாயில்லை. கடைசி இரண்டு அலசலும் பற்றரித் தண்ணியில் செய்யுங்கோ. வாகன உதிரிப்பாகக் கடையிலும் எண்ணெய் நிரப்பு நிலையத்திலும் காருக்கு ஊற்ற விற்கிற, கனிப்பொருள் நீக்கிய தண்ணி அது. ஆனால் கவனம்: அதே தட்டில் பற்றரி அசிற்றும் அதேமாதிரிப் போத்தலில் இருக்கும். அது சல்பூரிக் அமிலம். லேபிளை வாசித்து, சீல் உடையாத போத்தலாக வாங்குங்கோ. வேறு போத்தலில் மாற்றி வைத்த, பேர் எழுதாத “பற்றரித் தண்ணி”யை ஆர் தந்தாலும் தொட வேண்டாம். மாரி காலத்தில் நல்லாகப் பெய்து கூரை கழுவுப்பட்ட பிறகு, வெளியில் நேரே சட்டி வைத்துப் பிடித்த மழைத் தண்ணியும் இதுக்கு உகந்தது. சீலையால் வடித்து ஊற்றுங்கோ.

காயவிடுகிறது

அலசி முடிந்ததும் கொயிலைக் கைக்குள் வைத்து நல்லாக உதறி, ரிசுவின் மேல் நிமிர்த்தி வைத்து மின்விசிறிக் காற்றில் விடுங்கோ. கோடையில் ஒரு நாள் போதும். கார்த்திகை, மார்கழியில் காற்றே ஈரம், இரண்டு நாளுக்குக் குறையாமல் விடுங்கோ. வெயிலில் தகரத்தின் மேல் வைத்தால் கெதியாய்க் காயும்தான், ஆனால் வளையம் சூட்டில் இளகும், புழுதியும் ஏறும். காய்ந்ததோ என்று பார்க்க, கொயிலின் வாயை உலர்ந்த ரிசுவில் அழுத்தி எண்ணி முப்பது வரை பிடியுங்கோ. ஈரப்பொட்டு விழுந்தால் காயவில்லை.

பொறுமையில்லாமல் கொயிலைப் பூட்டி பட்டனை அமர்த்திக் காயவைக்கப் பார்க்கிறவை இருக்கினம். கம்பியை ஒட்டின பஞ்சு முதலில் காய்ந்து கருகும், ஓரத்துப் பஞ்சு ஈரமாகவே நிற்கும். முழு வேலையும் வீண்.

காய்ந்த கொயிலில் பஞ்சு ஓட்டை ஒவ்வொன்றிலும் லிக்குவிட் மூன்று நாலு துளி விட்டு, ராங்கை நிரப்பிப் பதினைந்து நிமிடம் வையுங்கோ. கழுவின பஞ்சு புதுப் பஞ்சைவிடச் சோம்பலாக உறிஞ்சும், அதனால் புதுசுக்கு ஐந்து நிமிடம் விடுகிறவர்களும் இதுக்குப் பதினைந்து விட வேணும். பட்டனை அமர்த்தாமல் நாலைந்து தரம் வெறுமனே இழுத்து, கொயிலில் எழுதியிருக்கிற வாற் அளவின் கீழ் எல்லையில் தொடங்குங்கோ.

நீங்களே சுற்றின கம்பி

இங்கே முதல் கேள்வி கம்பி எந்த உலோகம் என்பது. கான்தல் (இரும்பு, குறோமியம், அலுமினியம் கலந்தது), நிக்றோம் 80 (நிக்கல், குறோமியம் கலந்தது) இரண்டையும் பஞ்சில்லாமல் சூடாக்கிச் சுத்தப்படுத்தலாம். எஸ்எஸ் 316 எல் (துருப்பிடிக்காத உருக்கு) என்றால் மெல்லிய சூட்டோடு, மங்கின சிவப்பைத் தாண்டாமல். தனி நிக்கல், தைத்தேனியம் கம்பிகளைச் சிவக்க விடவே கூடாது. தைத்தேனியத்தில் வெள்ளைத் தூள் உருவாகும், அது நெஞ்சுக்குள் போகக் கூடாத சாமான். என்ன கம்பி என்று தெரியாவிட்டால் சூடாக்காமல் தண்ணி, பிரஷ், அல்ககோலோடு நிறுத்துங்கோ. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், உதாரணத்துக்குக் கவரிங் நகை போட்டால் தோல் சிவக்கிறவர்கள், நிக்றோமையும் தவிர்க்கலாம்.

பற்றரியைக் கழற்றிவிட்டுப் பழைய பஞ்சை இழுத்தெடுங்கோ. வராவிட்டால் இரண்டு பக்கமும் கத்தரித்து நடுத்துண்டைச் சாவணத்தால் உருவுங்கோ. முறுக்கி இழுத்தால் கொயில் வடிவம் கெடும். டெக்கை (கம்பியைத் திருகிப் பூட்டியிருக்கிற அடித்தட்டை) சுடுதண்ணியில் அலசி, நல்லாகக் காய்ந்த பிறகு பற்றரியைப் போடுங்கோ.

வாற்றைக் குறைத்து வையுங்கோ. மெல்லிய தனிக் கம்பி ஒற்றைக் கொயிலுக்கு 15 வாற்றில் தொடங்கலாம். இரண்டு மூன்று செக்கன் அமர்த்தி, விட்டு, மறுபடி அமர்த்துங்கோ. முதலில் புகை வரும், அதை மணக்க வேண்டாம், யன்னலுக்குக் கிட்ட நின்று செய்யுங்கோ. புகை நின்ற பிறகு கம்பி மங்கின செம்மஞ்சளாக வரும். அதோடு விடுங்கோ; எஸ்எஸ் என்றால் மங்கின சிவப்போடேயே விடுங்கோ. வெள்ளையாக ஒளிர விட்டால் உள்ளே இருக்கிற இன்சுலேற்றரும் வளையமும் வெந்துபோகும், கம்பியும் உடையத் தொடங்கும்.

சிவக்கச் சிவக்கக் கொண்டுபோய்த் தண்ணியில் முக்குகிற பழக்கம் பலரிடம் உண்டு. “ஸ்ஸ்” என்ற சத்தத்தோடு கரி உதிருவது பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் கான்தலைக் காப்பாற்றுகிறது அதன் மேல் உள்ள மெல்லிய அலுமினிய ஒட்சைட்டுப் படை. திடீர்க் குளிரில் அது வெடித்துப் பொருக்காகும். ஆறவிட்டு, பற்றரியைக் கழற்றி, பழைய மென்மையான பற்பிரஷால் கம்பி சுற்றின திசையிலேயே தேயுங்கோ. அலசி, காயவிட்டு, மறுபடி சூடாக்கி, மறுபடி தேயுங்கோ. மூன்று சுற்றில் கம்பி சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிடும். கம்பிக்குப் பதில் மெஷ் (வலை மாதிரியான) தகடு என்றால் பிரஷ் வேண்டாம், கிழியும். இன்னும் குறைந்த சூட்டில், கண் எடுக்காமல் பார்த்துச் செய்யுங்கோ.

கம்பியில் வெள்ளைப் பொருக்கு ஏற்கெனவே பிடித்திருந்தால் அது சூட்டுக்கு அசையாது. வடித்த தேசிக்காய்ப் புளியைப் பற்றரித் தண்ணியோடு சமபங்கு கலந்து, பஞ்சில்லாத டெக்கைக் கால் மணித்தியாலம் ஊறவிடுங்கோ. பிறகு பற்றரித் தண்ணியில் நாலு தரம் அலச வேணும். மூடிய கொயிலுக்கு இந்த வேலை பொருந்தாது, புளியில் உள்ள சீனி பஞ்சில் நின்று அடுத்த கரியாகும்.

சூடேறும்போது கொயில் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் ஒரேசீராகச் சிவக்க வேணும். ஓர் ஓரம் மட்டும் பளிச்சென்று வந்தால் அங்கே சுற்றுகள் சரியாக ஒட்டவில்லை, அல்லது கம்பியின் காலை (முனையை) பிடிக்கிற திருகாணி தளர்ந்திருக்கு. ஆறினபிறகு செரமிக் சாவணத்தால் மெல்ல நெரித்து, திருகாணியை இறுக்கிப் பாருங்கோ. பிறகு தடையைப் பாருங்கோ. முன்பு 0.40 ஓம் காட்டின கொயில் இப்போதும் அதை ஒட்டியே காட்ட வேணும். 0.30க்கு இறங்கினால் எங்கேயோ கம்பியின் கால் டெக்கின் உடம்பில் முட்டுது. மேலே ஏறினால் கம்பி தேய்ந்திருக்கு, இல்லாவிட்டால் தொடுகை சரியில்லை. இது சும்மா கணக்கில்லை: நிறைந்த பற்றரி 4.2 வோல்ற், 0.2 ஓம் கொயிலில் அது 21 அம்பியர். 20 அம்பியர் தாங்குகிற 18650 பற்றரி (வேப்பில் போடுகிற உருளைப் பற்றரி) அங்கேயே எல்லையைத் தாண்டிவிடும். கட்டுப்பாட்டுச் சிப் இல்லாத மெக்கானிக்கல் மொட்டில் (மொட் என்றால் பற்றரி இருக்கிற பகுதி) இந்தச் சூடாக்கும் வேலையைச் செய்யாதேயுங்கோ. உறை கிழிந்த பற்றரியும் வேண்டாம்.

பஞ்சு

பார்மசியில் சுருளாக விற்கிற, உறிஞ்சுகிற வெள்ளைப் பஞ்சு போதும். பற்றரித் தண்ணியில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பிழிந்து, மூடிக் காயவைத்தால் மருந்து வாடை போய்விடும். தலையணைக்குள் இருக்கிற இலவம் பஞ்சைப் பரீட்சிக்க வேண்டாம். அதன் நாரில் இயற்கையாகவே மெழுகுப் படை இருக்கு, தண்ணியில் போட்டாலும் மிதக்கும், நெருப்புக் கண்டால் பத்தும். விளக்குத் திரியும் முகத்துக்குப் பாவிக்கிற வாசனைப் பஞ்சும் இதில் சேராது.

அளவு கைப்பழக்கத்தில் வரும். பஞ்சு கொயிலுக்குள் இழுபடும்போது கொஞ்சம் இறுக்கம் தெரிய வேணும், ஆனால் கொயில் அசையக் கூடாது. கொயில் கூடவே இழுபட்டால் பஞ்சு கூடிப்போச்சு, நடுவுக்கு லிக்குவிட் வராமல் எரியும். வழுக்கிக்கொண்டு போனால் குறைவு, ஒழுகும், சுடுதுளி வாய்க்குள் துப்பும். முனைகளைச் சீப்பினமாதிரிக் கோதி மெல்லியதாக்கி, லிக்குவிட் வாற வழியை அடைக்காமல் மூடுகிற அளவுக்கு மட்டும் வையுங்கோ.

கழுவின பிறகு வாற பிரச்சினைகள்

வெடித்துத் துப்பினால் உள்ளே தண்ணி நிற்குது. கழற்றி இன்னும் ஒரு நாள் காயவிடுங்கோ. எரிந்த சுவை முதல் இழுவையிலேயே வந்தால் பஞ்சு முன்பே கருகினது, எறிய வேண்டியதுதான். அதே சுவை பத்து இழுவைக்குப் பிறகு வந்தால் பஞ்சு போதியளவு உறிஞ்சவில்லை, வாற்றைக் குறைத்து இழுவைக்கு இழுவை இடைவெளி விடுங்கோ. கொளகொளவென்று சத்தம் வந்து அடியில் ஒழுகினால் றப்பர் வளையம் முறுகி இருக்கும் அல்லது சரியாகக் குந்தவில்லை. “கொயில் இல்லை” என்று திரை காட்டினால் உடனே கொயிலைக் குறை சொல்லாதேயுங்கோ. அடியில் உள்ள பொன்நிற முனையையும் மொட்டின் முனையையும் அல்ககோல் தொட்ட காது பஞ்சுக்குச்சியால் துடைத்தால் பெரும்பாலும் சரிவரும். சுவை வெறுமையாக இருந்தால் பழைய கரி இன்னும் கம்பியில் இருக்கு.

தடை எழுதினதில் இருந்து நல்லாக விலகினால், மெஷ் கிழிந்திருந்தால், வளையம் வெடித்திருந்தால் கழுவிப் பிரயோசனமில்லை. கழுவுகிறதால் வேப்பில் நிக்கொற்றின் குறையப் போவதுமில்லை, அது உடம்புக்கு நல்லதாக மாறப் போவதுமில்லை. கருகின பஞ்சின் புகை நெஞ்சுக்குள் போகாமல் பார்க்கிறது மட்டும்தான் இதால் ஆகும்.

கழுவின தண்ணியைக் கிணற்றடியில் ஊற்றாதேயுங்கோ. சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றினது நேரே நிலத்தடித் தண்ணிக்குத்தான் இறங்கும். கோழி, ஆடு, நாய் நக்குகிற இடத்திலும் வேண்டாம், நிக்கொற்றின் அதுகளுக்குக் கடும் நஞ்சு. முதல் இரண்டு தண்ணியையும் மலசலகூடத்துக்குள் ஊற்றித் தண்ணி விடுங்கோ. ஊறவைத்த போத்தலில் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளையள் எட்டாத தட்டில் வையுங்கோ. மண்ணிறமாகக் கிடக்கிற அந்தத் தண்ணி தூரத்தில் பார்க்கத் தேத்தண்ணி மாதிரியே இருக்கும்.